அவசரம் லேது

கேள்வி: தடா பக்கம் ஸ்ரீசிட்டியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் ஷிஃப்டில் தமிழர், தெலுங்கர், ஒடிசாக்காரர், மேலே ஜப்பானிய இன்ஜினியர். எல்லாரும் தலையாட்டுகிறார்கள், வேலைதான் தப்பாகிறது. என்ன செய்வது? – வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: தலையாட்டலை நம்பாதீர்கள் சார். ஜப்பானியர் ‘ஹாய்’ என்றால் பல சமயம் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்றுதான் பொருள்; சம்மதம் அல்ல.

அதைவிட ஆபத்து, தெரிந்த மாதிரி இருக்கும் சொற்கள். ‘இந்த நட்டை இன்னொரு தடவை முறுக்கணுமா?’ என்கிறீர்கள். ‘அவசரம் லேது’ என்கிறார் தெலுங்குத் தம்பி. தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. அவர் ‘வேண்டாம்’ என்கிறார்; நீங்களோ ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று எடுத்துக்கொள்கிறீர்கள். நம் ‘நேரம்’ அங்கே குற்றம்! ஒடிசாக்காரருக்கு இந்தக் குழப்பம் இல்லை. புரியவில்லை என்பதாவது அவருக்குப் புரியும்.

ஷிஃப்ட் மாறும்போது ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதீர்கள். ‘இப்ப என்ன செய்யப் போறே, செஞ்சு காட்டு’ என்று கேளுங்கள். முறுக்கிய நட்டில் பெயின்ட் மார்க்கரால் கோடு போடச் சொல்லுங்கள். கோட்டுக்கு மொழி கிடையாது. உங்கள் ஸ்ரீசிட்டியிலிருந்துதான் சென்னை மெட்ரோவுக்குப் பல ரயில் பெட்டிகள் வந்தன. அங்கும் எல்லாரும் ஒரே மொழி பேசியிருக்க மாட்டார்கள்.

கேன்டீனில் தமிழ் மேஜை, தெலுங்கு மேஜை என்று பிரிந்திருந்தால், நாளைக்கு நீங்களே தட்டோடு இடம் மாறி உட்காருங்கள். கோங்கூரா ஊறுகாயாவது கிடைக்கும்.