மணல் பெற்ற புதுக் கரம்

மணல்மீது வீடு கட்டிய அறிவிலியின் உவமையை நாம் எல்லாரும் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். அந்த வீடு விழுந்ததற்குக் காரணம், மணல் மணிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாமையே. ஆனால் ஒரே ஒரு குவார்ட்சு மணல் மணியின் உள்ளே புகுந்து பார்த்தால் கதை வேறு. அங்கே ஒவ்வொரு சிலிகன் அணுவும் நான்கு ஆக்சிஜன் அணுக்களோடு கைகோத்து நிற்கிறது. ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு சிலிகன்களுக்குப் பாலமாக இருக்கிறது. இந்த வலையை உருக்க ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். இத்தனை உறுதியான பொருளின் குணத்தை மாற்ற முடியுமா? முடியும் என்கிறது வேதியியல். கரிமத் தொகுதிகளைச் சேர்த்துக் குணம் மாற்றப்பட்ட சிலிகாவுக்கு ‘ஆர்மோசில்’ என்று பெயர்.

முதலில் சாதாரண சிலிகாவின் குணத்தை அறிந்துகொள்வோம். சிலிகாவின் வலை எங்காவது ஓரிடத்தில் முடியத்தானே வேண்டும்? அந்த விளிம்பில் நிற்கும் ஆக்சிஜனுக்கு மறுபுறம் கைகொடுக்க வேறொரு சிலிகன் இல்லை. ஆகவே அது ஒரு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்கிறது. இந்த ஹைட்ராக்சில் முனைகளுக்கு நீரென்றால் கொள்ளை ஆசை. புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிறு பொட்டலத்தில் இருப்பது சிலிகா ஜெல். ஈரத்தை இழுத்துக்கொள்வதற்காகவே அதை வைக்கிறார்கள். ஒரு கிராம் சிலிகா ஜெல்லின் நுண்துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால் 600 சதுர மீட்டர்கூட வரும். எறிபந்து ஆடுகளம் 18.30 மீட்டர் நீளமும் 12.20 மீட்டர் அகலமும் உடையது. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டரை ஆடுகளங்களுக்கு மேல் ஒரு கிராமுக்குள் மடங்கிக் கிடக்கின்றன! (ஆய்வுக்கூடத்தில் நாம் காணும் நீல நிறம் சிலிகாவுடையது அன்று. ஈரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் கோபால்ட் குளோரைடின் நிறம் அது. அந்த உப்பு உடலுக்குத் தீங்கானது என்பதால் இப்போது ஆரஞ்சு நிற வகையும் கிடைக்கிறது.)

நீரை விரும்பும் இக்குணம் சில வேலைகளுக்கு நன்மை தருகிறது. எண்ணெய்த்தன்மையுள்ள பொருள்களோடு பழக வேண்டிய இடத்தில் அதுவே தடையாகிறது. அங்கே எண்ணெயை விரும்பும் கரிமத் தொகுதி ஒன்றைச் சிலிகாவோடு பிணைக்க வேண்டும். ஆனால் கண்ணாடி உலையின் வெப்பமோ 1,500 டிகிரி. கரிமப் பொருள்கள் சில நூறு டிகிரியிலேயே கருகிவிடும். சர்க்கரைப் பாகை அடுப்பில் மறந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை!

உலையில்லாமல் கண்ணாடி செய்யும் வழி 1840களிலேயே கண்ணில் பட்டுவிட்டது. பிரான்சு நாட்டு வேதியியலார் எபெல்மன் சிலிகன் டெட்ராகுளோரைடையும் ஆல்கஹாலையும் சேர்த்து ஒரு திரவம் செய்தார். காற்றின் ஈரம் பட்டுப் பட்டு அது கண்ணாடிபோல் இறுகிவிட்டது. இன்று இதே வேலையை நீரும் சில துளி அமிலமும் சேர்த்துச் சாதாரண வெப்பநிலையிலேயே செய்கிறார்கள். நீராற்பகுப்பினால் ஆல்கஹால் பிரிந்து போகிறது. சிலிகன்களுக்கிடையே ஆக்சிஜன் பாலங்கள் எழுகின்றன. நீர்த்த கரைசல் கூழ்மமாகி, கூழ்மம் களியாக உறைகிறது. கடற்பாசி காய்ச்சி ஆறவைத்தால் இறுகுவதைப் போல என்று சொல்லலாம். ஆனால் கடற்பாசியைச் சூடாக்கினால் மீண்டும் உருகும், இது உருகாது. இதற்குச் ‘சால்-ஜெல்’ முறை என்று பெயர்.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. சிலிகனுக்கு நான்கு கைகள் என்றோம். எபெல்மன் செய்த திரவத்தில் நான்கு கைகளும் ஆக்சிஜனைப் பிடித்திருந்தன, அந்த ஆக்சிஜன்கள் கார்பனைப் பிடித்திருந்தன. இத்தகைய கார்பனை நீர் எளிதில் பிரித்துவிடும். மெத்தில்டிரைமெதாக்சிசிலேன் என்று ஒரு சேர்மம் உண்டு. (பெயரைக் கண்டு தோழியர் அஞ்ச வேண்டாம்.) அதில் மூன்று கைகள் மட்டுமே ஆக்சிஜனைப் பிடித்திருக்கின்றன. நான்காவது கை நேராகக் கார்பனையே பற்றியிருக்கிறது. நீர் வந்து மூன்று கைகளைத் திறந்து பாலம் கட்ட வைக்கிறது. நான்காவது கையை அதனால் அசைக்க முடிவதில்லை. ஆகவே கண்ணாடி வலை உருவான பின்னும் கரிமத் தொகுதி அதிலேயே நிலைத்து நிற்கிறது. 1980களில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ஹெல்முட் ஷ்மிட் என்பவரும் அவர் குழுவினரும் இத்தகைய கலப்புப் பொருள்களைப் பெரிதும் வளர்த்தெடுத்தனர்.

அந்த நான்காவது கையில் எதைக் கொடுக்கிறோமோ அதற்கேற்ற குணம் சிலிகாவுக்கு வருகிறது. மெத்தில் தொகுதியைக் கொடுத்தால் நீர் ஒட்டாது, தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டோடும். பல் மருத்துவர் சொத்தைப் பல்லை அடைக்கும் வெள்ளைப் பசையிலும் இதே உத்திதான். 1962இல் அமெரிக்கரான ரஃபேல் போவன் காப்புரிமை பெற்ற பசையில், சிலேனின் ஒரு முனை சிலிகாத் துகளையும் மறுமுனை பிசினையும் பிடித்துக்கொண்டது.

பதினெட்டுக் கார்பன் நீளமுள்ள சங்கிலியைக் கொடுத்தால் என்ன ஆகும்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யத் தாவரவியலார் ஸ்வெட், இலையின் நிறங்களைச் சுண்ணத்தூள் நிரப்பிய குழாயில் பிரித்துக் காட்டினார். அதுவே நிறப்பிரிகை. பின்னாளில் சுண்ணத்தூளின் இடத்தைச் சிலிகா பிடித்தது. சாதாரண சிலிகாக் குழாயில் நீரை விரும்பும் பொருள்கள் தயங்கி நிற்கும், எண்ணெய்த்தன்மையுள்ளவை முதலில் வெளிவரும். பதினெட்டுக் கார்பன் சங்கிலி பூண்ட சிலிகாவிலோ எல்லாம் தலைகீழ்! மாத்திரையில் சொன்ன அளவு மருந்து இருக்கிறதா, வேண்டாத பொருள் கலந்திருக்கிறதா என்பதை மருந்து ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் இக்குழாய்களைக் கொண்டே கண்டுபிடிக்கின்றன. காய்ச்சலுக்கு நாம் நம்பி விழுங்கும் பாரசிட்டமாலும் இத்தேர்வை எழுதியே வருகிறது.

நொதிகளுக்கும் ஆர்மோசில் வீடாகிறது. 1990இல் ஜெருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தார் ஒரு நொதியைச் சால்-ஜெல் கண்ணாடிக்குள் அதன் திறன் முற்றிலும் கெட்டுவிடாமல் சிறைவைத்தனர். ஆனால் கொழுப்பைப் பகுக்கும் லிபேஸ் நொதி சாதாரண சிலிகாவில் சோர்ந்துபோயிற்று. லிபேஸுக்கு மூடி போன்ற ஒரு பகுதி உண்டு. எண்ணெய்த்தன்மையுள்ள பரப்பு அருகில் இருந்தால் அது திறக்கும். 1995இல் ஜெர்மனியின் மியூல்ஹைம் நகரில் ரீட்ஸ் என்பவரின் குழு கரிமச் சங்கிலிகள் சேர்த்த சிலிகாவில் லிபேஸை வைத்தது. நொதி பல மடங்கு ஊக்கத்தோடு வேலை செய்தது. வடிகட்டி எடுத்து மீண்டும் பயன்படுத்தவும் முடிந்தது.

இவை எல்லாவற்றிலும் எங்கள் மனத்தைத் தொட்டது பாதரசம் பிடிக்கும் சிலிகாதான். 1956இல் ஜப்பானின் மினமாட்டா ஊரில் ஒரு கொடிய நரம்பு நோய் வெளிச்சத்துக்கு வந்தது. ஆலைக் கழிவிலிருந்த பாதரசச் சேர்மம் கடலில் கலந்து, மீனில் சேர்ந்து, மீனை உண்ட மக்களைத் தாக்கியது. பூனைகளும் வெறிபிடித்தாற்போல் துடித்து இறந்தன. தாயின் வயிற்றில் இருந்த குழந்தைகளையும் அந்த நஞ்சு விடவில்லை. இத்தகைய நீரிலிருந்து பாதரசத்தை மட்டும் எப்படிப் பொறுக்கி எடுப்பது?

கந்தகத்துக்கும் பாதரசத்துக்கும் உள்ள ஈர்ப்பு பழைய செய்தி. கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதியை உடைய சேர்மங்களுக்கு, டென்மார்க் வேதியியலார் ட்சைஸே 1830களில் ‘மெர்காப்டன்’ என்று பெயரிட்டார். இலத்தீனில் ‘பாதரசத்தைப் பிடிப்பது’ என்று பொருள். இந்தத் தொகுதியையே மூன்று கார்பன் சங்கிலியின் நுனியில் வைத்துச் சிலிகாவின் நான்காவது கையில் கொடுத்தார்கள். 1997இல் அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வுக்கூடத்தார், தேன்கூடு போன்ற துளைகளையுடைய சிலிகாவின் உட்சுவர் முழுவதும் இதை நெருக்கமாக நட்டனர். நீரிலுள்ள சோடியம் போன்ற தீங்கற்ற உப்புகளை அது சட்டை செய்யவில்லை. பாதரசத்தை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டது. செறிந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவினால் பாதரசம் பிரிந்துவிடும், சிலிகா மறுபடி வேலைக்குத் தயார். பிரித்தெடுத்த பாதரசத்தைப் பத்திரமாக வைக்கும் பொறுப்பு மட்டும் மனிதர்களுடையது.

ஆர்மோசிலுக்கும் ஒரு பகைவன் உண்டு. அது காரம். அமிலத்துக்கு அசையாத சிலிகா வலையின் ஆக்சிஜன் பாலங்களைக் காரக் கரைசல் மெல்ல மெல்ல அரித்துவிடும். பாலம் போனபின் நான்காவது கையில் எது இருந்தும் பயனில்லை. ஆகையால் பொதுவாகப் பி.எச். 8க்கு மேற்பட்ட கரைசல்களை நிறப்பிரிகைக் குழாய்களில் விடுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு குப்பிக்கு மட்டும் கண்ணாடி மூடி போடாமல் ரப்பர் மூடி போட்டிருப்பதும் இதனால்தான்.