யாருடைய தரவு, யாருடைய பெயர்?

கேள்வி: நான் உயிர்வேதியியலில் மூன்றாம் ஆண்டு பிஎச்.டி. மாணவி. எங்கள் லேபில் போஸ்ட்டாக்காக இருக்கும் சீனியர் ஒருவர் ஹெச்.பி.எல்.சி. கருவியைத் தன் சொந்தப் பொருளாகவே நினைக்கிறார். நான் பதிவு செய்த நாளில் போய்ப் பார்த்தால் அவருடைய சாம்பிள் ஓடிக்கொண்டிருக்கும். கேட்டால், "உனக்கு என்ன அவசரம்?" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போடுவார். போன மாத லேப் மீட்டிங்கில் நான் எடுத்த தரவைத் தன் ஸ்லைடில் போட்டுப் பேசினார். என் பெயரே இல்லை. கைடிடம் சொன்னேன். "உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்றுவிட்டார். இப்போது அந்த சீனியர் எழுதும் கட்டுரையிலும் என் தரவு இருக்கிறது. பொறுத்துப் போவதா, புகார் கொடுப்பதா, கைடையே மாற்றிக்கொள்வதா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று பிரச்சினைகள் இருக்கின்றன: கருவி, சத்தம், தரவு. மூன்றையும் செய்தவர் ஒருவரே என்பதால் ஒரே பிரச்சினையாகத் தெரிகிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: யார் எந்த வேலையைச் செய்கிறார், யாருக்கு என்ன உரிமை என்பதை உங்கள் கைடு வாய்திறந்து சொல்லவில்லை.

இதனால் எவ்வளவு கெடும் என்பதற்கு லண்டன் கிங்ஸ் கல்லூரியில் நடந்தது சான்று. 1950 டிசம்பரில் அங்கிருந்த ஆய்வுக்குழுவின் தலைவர் ஜான் ராண்டால், வேலையில் சேரவிருந்த ரோசலிண்ட் ஃபிராங்க்ளினுக்கு ஒரு கடிதம் எழுதினார். டி.என்.ஏ.யின் எக்ஸ்-கதிர் ஆய்வை இனி நீங்களும் மாணவர் ரேமண்ட் கோஸ்லிங்கும் மட்டும் செய்வீர்கள் என்பது அதன் சாரம். அதுவரை கோஸ்லிங்கை வைத்து அதே ஆய்வைச் செய்துவந்த மாரிஸ் வில்கின்ஸுக்கு அந்தக் கடிதம் காட்டப்படவே இல்லை. தன் குழுவுக்கு ஒருவர் துணையாக வருகிறார் என்று அவர் நினைத்தார். தன் ஆய்வில் இன்னொருவர் ஏன் தலையிடுகிறார் என்று ஃபிராங்க்ளின் நினைத்தார். இருவருக்கும் பேச்சே முறிந்துபோனது. இருவருடைய சுபாவத்தையும் குறை சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள். அந்த ஒரு கடிதத்தின் நகல் வில்கின்ஸுக்கும் போயிருந்தால் பாதிச் சண்டை பிறந்தே இருக்காது.

உங்கள் விஷயத்தில் அவசரமானது தரவுதான், ஏனென்றால் கட்டுரை எழுதப்படுகிறது. இந்த வாரமே கைடுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். சீனியருக்கும் நகல் போகட்டும். குற்றச்சாட்டு வேண்டாம், விவரம் போதும்: "சார், இந்தக் கட்டுரையில் சேரும் இந்த இரண்டு வரைபடங்களுக்கான தரவு நான் எடுத்தது. கருவி ஓடிய தேதிகளும் என் நோட்டுப் பக்க எண்களும் கீழே தந்திருக்கிறேன். கட்டுரை எழுதுவதிலும் பங்கெடுக்க விரும்புகிறேன். பெயர் வரிசை பற்றி மூவரும் உட்கார்ந்து பேச ஒரு நேரம் சொல்ல முடியுமா?" இதில் யாரையும் தாக்கும் சொல் இல்லை. ஆனால் அனுப்பிய பிறகு, எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தப் பேச்சுக்குப் போகும்போது, மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நான்கு தகுதிகளைத் தெரிந்துகொண்டு போங்கள். ஆய்வை வடிவமைப்பதிலோ, தரவு எடுப்பதிலோ, அதை அலசுவதிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரைக்குப் பொறுப்பேற்றல். நான்கும் இருந்தால்தான் ஆசிரியர். முதல் தகுதி உள்ளவருக்குக் கட்டுரையை எழுதுவதிலும் திருத்துவதிலும் இறுதி ஒப்புதலிலும் பங்கெடுக்க வாய்ப்பு தர வேண்டும் என்றும் அந்த நெறி சொல்கிறது. வரைவைக் காட்டாமல் வைத்திருந்துவிட்டு, எழுதுவதில் உனக்குப் பங்கில்லை என்று பெயரை நீக்குவது முறையாகாது. பல இதழ்கள் இப்போது யார் என்ன செய்தார் என்பதை 14 வகைப் பங்களிப்புகளாகப் பிரித்துக் கேட்கின்றன. அந்தப் பட்டியலை மூவருமாக இப்போதே நிரப்பிவிட்டால் பேச்சு பெயரைவிட்டு வேலைக்குத் திரும்பும்.

உங்கள் லேப் நோட்டுதான் உங்கள் சாட்சி. பைண்டு செய்த நோட்டு, பக்க எண், அன்றன்றைக்கே தேதி. சாம்பிள் எண், ஓடிய நேரம், கருவி சேமித்த கோப்பின் பெயர் ஆகியவை ஒரே பக்கத்தில் இருக்கட்டும். மூலக் கோப்புகள் கருவியின் கணினியில் மட்டும் கிடக்கக் கூடாது. லேப் விதிப்படி எங்கே சேமிக்க வேண்டுமோ அங்கேயும் ஒரு பிரதி இருக்க வேண்டும்.

கருவிச் சண்டையைத் தனிமனிதச் சண்டையாக்காதீர்கள். லேப் மீட்டிங்கில் பொது விதியாகக் கேளுங்கள்: பதிவு எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும், ஒருவருடைய நேரத்தை எடுப்பவர் முந்தைய நாளே கேட்கட்டும். உங்களைப் போலவே சிரமப்படும் மற்றவர்களும் அப்போது வாய்திறப்பார்கள்.

அவர் சத்தம் போடும்போது திருப்பிச் சத்தம் போடவும் வேண்டாம், தலைகுனிந்து நகரவும் வேண்டாம். "இதைப் பற்றிப் பேசத் தயார், ஆனால் இப்படியில்லை. மூன்று மணிக்கு உட்காரலாமா?" என்று சொல்லிவிட்டு, மூன்று மணிக்குக் கட்டாயம் போங்கள். ஒப்பந்தம் எப்போது முடியுமோ என்ற பயத்தில், அடுத்த வேலைக்குக் கட்டுரை ஒன்றே கதி என்று வாழும் போஸ்ட்டாக்குகள் நிறையப் பேர். அவரும் அப்படி ஒருவராக இருக்கலாம். அது தெரிந்தால் பேசுவது எளிதாகும், ஆனால் அதற்காக உங்கள் தரவை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பேச்சு பாலியல் சீண்டலாகவோ சாதி இழிவாகவோ மாறினால் அது சண்டையல்ல, குற்றம். அதைப் பேசித் தீர்க்க முயலாதீர்கள். பாலியல் தொல்லைக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படியான உள்ளகக் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள்.

கைடு அப்போதும் அசையவில்லையென்றால்? யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைப்படி ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் உங்கள் வேலையை விளக்க வேண்டும். எந்தத் தரவு உங்களுடையது என்பதை அங்கே பதிவு செய்யுங்கள். குழு உறுப்பினர் ஒருவரிடம் தனியாகவும் பேசுங்கள். அடுத்து துறைத் தலைவர், பிறகு மாணவர் குறைதீர்ப்புக் குழு, அதிலும் தீராவிட்டால் ஆம்பட்ஸ்பர்சன். இதழுக்கு எழுதுவதால் சண்டை தீரும் என்று நம்ப வேண்டாம். பெயர் வரிசைத் தகராறை இதழாசிரியர்கள் பெரும்பாலும் நிறுவனத்திடமே திருப்பி அனுப்புவார்கள்.

கைடை மாற்றுவது கடைசி வழி, ஆனால் தோல்வி அல்ல. ஃபிராங்க்ளின் 1953 மார்ச்சில் பிர்க்பெக் கல்லூரிக்கு மாறினார். அங்கே புகையிலைத் தேமல் வைரஸின் அமைப்பை ஆராய்ந்து, ஆரன் க்ளக் போன்ற சகாக்களோடு அருமையாக வேலை செய்தார். ஆனால் டி.என்.ஏ. ஆய்வை கிங்ஸிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார் ராண்டால். நீங்கள் மாறுவதாக முடிவெடுத்தால், எந்தத் தரவு உங்களோடு வரும், எந்தக் கட்டுரையில் உங்கள் பெயர் நிற்கும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே கிளம்புங்கள்.

இதைப் படிக்கும் கைடுகளுக்கும் ஒரு வார்த்தை. "உங்களுக்குள் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும்போது, அதிகாரம் குறைந்தவரை அதிகாரம் கூடியவரிடம் தனியாக அனுப்பிவைக்கிறீர்கள். ஒரு திட்டம் தொடங்கும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, யார் எதைச் செய்வார், எந்தக் கட்டுரைக்கு யார் முதல் பெயர் என்று எழுதி எல்லாருக்கும் அனுப்புங்கள். வேலை மாறும்போது அதையும் மாற்றுங்கள். ஒரு மாணவியின் மூன்றாண்டு உழைப்பைக் காக்க அந்த ஒரு மணி நேரத்தைத் தருவது உங்கள் கடமை.