மருந்து தேடாதீர்கள்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்கிறான். செல்போன்தான் கெடுத்தது என்று கணவர் அதைப் பிடுங்கி வைத்துவிட்டார். டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடுமா? – ஒரு தாய், திருப்பூர்.

பதில்: நோயாக இருந்தால்தானே அம்மா, மருந்து தேட வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று எந்த டாக்டர் சொன்னாலும் நம்பாதீர்கள். பெற்றோருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில், 2021-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அத்தகைய 'சிகிச்சை'க்குத் தடை விதித்தார். தனக்கே இதில் புரிதல் போதாது என்று சொல்லி, உளவியல் நிபுணரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அவர் அந்த உத்தரவை எழுதினார். பெற்றவர்களுக்கும் அந்தப் பொறுமை வேண்டும். செல்போன் கெடுத்தது என்பதை ஏற்க முடியவில்லை. செல்போனே இல்லாத 1860-ல் எழுதிய சட்டத்திலேயே இந்த உறவைத் தண்டிக்க 377-ஆம் பிரிவு இருந்தது. 2018-ல்தான் உச்ச நீதிமன்றம் வயது வந்தவர்களின் சம்மத உறவை அதிலிருந்து விடுவித்தது. ஈர்ப்பைச் செல்போன் தரவில்லை. தன்னைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள் என்ற தைரியத்தை வேண்டுமானால் தந்திருக்கும். 'கல்யாணம் செய்துவைத்தால் திருந்திவிடுவான்' என்று உறவினர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள், இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து பாழாகும். முதலில் அந்தப் போனை அவனிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.