கோடு சரிந்தால் பஸ் பின்னால் போகிறதா?

கேள்வி: வேக–நேர வரைபில் கோடு கீழே சரிந்தால், பஸ் பின்னோக்கி வருகிறது என்று அர்த்தமா?
– சாதாரண தர மாணவி, கினிகத்தேனை

பதில்: இல்லை, மகள். வரைபு பாதையின் படமல்ல. நேரத்தோடு வேகம் மாறும் விதத்தையே அது காட்டுகிறது. கினிகத்தேனையிலிருந்து கித்துல்கல பக்கம் இறங்கும் பஸ், வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செக்கனுக்கு 12 மீற்றராக இருந்த வேகம், 4 செக்கனில் சீராகக் குறைந்து 4 மீற்றராகிறது. கோடு சரிகிறது, பஸ் முன்னேதான் போகிறது.

கோட்டின் படித்திறனே ஆர்முடுகல்: (4 − 12) ÷ 4 = −2 மீற்றர்/செக்கன்². இங்கே மறைக் குறி அமர்முடுகலைக் காட்டுகிறது. கோட்டுக்குக் கீழுள்ள பரப்பளவு, சென்ற தூரம்: (12 + 4) ÷ 2 × 4 = 32 மீற்றர்.

கோடு நேர அச்சுக்குக் கீழே இறங்கினால்தான் பஸ் பின்னோக்கி வருகிறது. எந்த வரைபைக் கண்டாலும், அச்சுகளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் வாசியுங்கள்.