சுழற்றிய சட்டகப் பெட்டி: வழு எங்கே?

மாணவர்களே, லேடெக் ஆவண அச்சுக்கோப்பு மென்பொருளில் சட்டகமிட்ட சொல்லொன்றை 45 பாகையால் சுழற்றுகிறீர்கள். எழுத்து சரிகிறது, சட்டகமோ நிமிர்ந்தே நிற்கிறது. இது மென்பொருளின் வழுவன்று. கட்டளைகளின் ஒழுங்கை அவதானியுங்கள். உள்ளே உள்ள பெட்டியே முதலில் உருவாகும். சுழற்றற் கட்டளை உள்ளேயும் சட்டகக் கட்டளை வெளியேயும் இருப்பின், எழுத்து சுழன்ற பின்னரே சட்டகம் வரையப்படும். இரண்டையும் இடமாற்றுக, சட்டகமும் சேர்ந்து சரியும்.

இப்போது மேல்வரி வெகுதூரம் விலகிவிடும். ஏன்? பெட்டியின் அகலம் 60 மி.மீ., உயரம் 10 மி.மீ. எனக் கொள்வோம். சைன் 45 பாகையும் கோசைன் 45 பாகையும் ஏறத்தாழ 0.707 ஆகும். எனவே சரிந்த பெட்டிக்குத் தேவையான உயரம் (60 + 10) × 0.707 = 49.5 மி.மீ. (கணித பாடம் இங்கும் விடவில்லை!) சொல்லைச் சுருக்குவதே இலகுவான வழி.

கோணம் நேர்ப்பெறுமானமாயின் சுழற்சி இடஞ்சுழியாகும். கட்டளை வரையறுக்கப்படவில்லை என்ற வழுச்செய்தி வந்தால், கிராபிக்ஸ்எக்ஸ் பொதி சேர்க்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். செய்தி எதுவுமின்றிப் பெட்டி சுழலாதிருந்தால் பீடிஎப் கோப்பாக மாற்றிப் பாருங்கள். டிவிஐ கோப்புகளைக் காட்டும் சில மென்பொருள்கள் சுழற்சியைக் காட்டுவதில்லை.