மலைப்பாதையில் புரோகிரசிவ் கண்ணாடி: பழகும் முறை

நாற்பது வயதைக் கடந்தோருக்கு வெள்ளெழுத்து வருவது இயல்பு. இளமையில் நெகிழ்வுடன் இருந்து, அருகில் உள்ளதைப் பார்க்கும்போது தடித்துக் கொடுக்கும் விழிவில்லை, ஆண்டுகள் செல்லச் செல்ல விறைப்படைகிறது. செய்தித்தாளைத் தள்ளிப் பிடிக்கத் தொடங்குகிறோம். ஊசியில் நூல் கோக்கப் பேரப்பிள்ளைகளை அழைக்கிறோம். இது நோயன்று, நரையைப் போன்று வயதோடு வருவது. ஆயினும் இதனைக் கவனியாது விடுவதால் நேரும் இழப்பு சிறிதன்று. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 751 தொழிலாளரிடம் நடத்தப்பெற்ற ஆய்வொன்று 2018இல் வெளியாயிற்று. கிட்டத்தில் பார்க்கும் எளிய கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலையின் அளவு, பெறாதவர்களுடையதைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. கொல்லிமலையில் மிளகு பறிப்போருக்கும், காபிப் பழத்தில் பழுத்ததையும் காயையும் பிரிப்போருக்கும், சோளக்காட்டுச் சந்தையில் தராசின் எண்ணைப் படிப்போருக்கும் இச்செய்தி பொருந்தும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

முன்பே தூரத்துக்குக் கண்ணாடி அணிபவருக்கு வெள்ளெழுத்தும் சேரும்போது இரண்டு பவர் தேவைப்படுகிறது. இரண்டையும் ஒரே சட்டத்துள் அடக்குவன இருவகை. நடுவே கோடு தெரியும் பைஃபோகல் பழையது. கோடின்றி, மேலே தூரத்துக்கும் இடையில் கைநீளத் தொலைவுக்கும் கீழே படிப்புக்குமாகப் பவர் படிப்படியாக மாறுவது மற்றொன்று. கடைகளில் இதனைப் புரோகிரசிவ் என்பர். இதற்கான காப்புரிமையை 1907இலேயே இங்கிலாந்தில் ஓவன் ஏவ்ஸ் பெற்றிருந்தார். ஆயினும் 1959இல் பிரான்சில் பெர்னார் மெத்தனா உருவாக்கிய வேரிலக்ஸ் வெளிவந்த பின்னரே இவ்வகை மக்களிடம் பரவிற்று.

இக்கண்ணாடியை முதன்முதல் அணிவோர் பலரும் கூறும் குறை ஒன்றே: பக்கவாட்டில் பார்த்தால் எல்லாம் கலங்குகிறது, தலையைத் திருப்பினால் தரை அலைபோல் அசைகிறது. கண்ணாடி தவறாகச் செய்யப்பட்டுவிட்டதோ என்று ஐயுறுகின்றனர். பவரைக் கோடின்றி மாற்ற வேண்டுமாயின் வில்லையின் வளைவு மேலிருந்து கீழாக மாறிக்கொண்டே செல்ல வேண்டும். அவ்வாறு மாறும்போது நடுப்பாதையின் இருமருங்கிலும் உருத்திரிபு பிறந்தே தீரும் என்பதை ஜெர்மானியக் கணிதவியலாளர் மிங்க்விட்ஸ் 1963இல் நிறுவினார். பவர் எவ்வளவு விரைவாக மாறுகிறதோ, அதைப்போல் இருமடங்கு விரைவில் பக்கத்துத் திரிபு மிகும். எனவே விலையுயர்ந்த வில்லையும் இத்திரிபை ஒழிப்பதில்லை. அதனை ஓரங்களுக்கு ஒதுக்கியோ மென்மையாகப் பரப்பியோ தருகிறது, அவ்வளவே. இதனை முன்கூட்டியே அறிந்தவர் முதல் வாரத்தில் மனம் தளர்வதில்லை.

பழகுதல் என்பது கண்ணைவிட மூளையின் வேலை. தலை திரும்பும்போது காட்சி நிலைத்து நிற்குமாறு, உள்செவி தரும் செய்திக்கேற்ப மூளை விழிகளை எதிர்த்திசையில் நகர்த்துகிறது. எவ்வளவு நகர்த்துவது என்ற கணக்கு பழைய கண்ணாடிக்கேற்ப அமைந்தது. புதிய வில்லையில் இடத்துக்கு இடம் பவர் வேறுபடுவதால் அக்கணக்கு பிழைக்கிறது. அதுவே தலைசுற்றலாகவும் குமட்டலாகவும் உணரப்படுகிறது. சில நாட்களில், பெரும்பாலோருக்கு இரண்டு வாரங்களுக்குள், மூளை கணக்கைத் திருத்திக்கொள்கிறது. காலையில் எழுந்ததும் புதியதை அணிந்து, உறங்கும்வரை அதனையே அணிந்திருத்தல் நலம். நண்பகலில் பழைய கண்ணாடிக்கு மாறினால் மூளை கற்றதை மறந்து மீண்டும் தொடங்க வேண்டியதாகும்.

முதல் இரண்டு நாட்களை வீட்டுக்குள் அமர்ந்தே கழியுங்கள். தூரத்தில் உள்ள நாட்காட்டியைப் பாருங்கள்; பிறகு தலையை அசைக்காமல் விழிகளை மட்டும் மெல்லத் தாழ்த்திக் கையிலுள்ள தாளைப் படியுங்கள். தாளைச் சற்றுக் கீழே பிடித்தல் உதவும். பக்கத்தில் உள்ளதைக் காண வேண்டுமாயின் விழியை ஓரத்துக்கு ஓட்டாமல், மூக்கு எதை நோக்குகிறதோ அதுவே தெளியும் என்று கொண்டு முகத்தையே திருப்புங்கள். இருசக்கர வண்டி ஓட்டுவோர் பக்கக் கண்ணாடியைப் பார்ப்பதற்கும் இதுவே முறை. ஆனால் முகம் திருப்புவது இயல்பாகும்வரை வண்டியை எடுக்காதிருப்பதே நன்று. மலையை விட்டு இறங்கும் பயணத்தையும் முதல் வாரத்தில் தவிர்க்கச் சொல்வோம். காரவள்ளிக்கும் சோளக்காட்டுக்கும் இடையே 70 கொண்டை ஊசி வளைவுகள். பழகிய கண்ணாடியோடும் பலருக்கு அங்கே வயிறு புரளும்.

இனிச் சொல்வதே இக்கட்டுரையின் முதன்மையான செய்தி. நடக்கும்போது நாம் நம் அடிக்குச் சற்று முன்னே உள்ள தரையைப் பார்க்கிறோம். கண்ணிலிருந்து அத்தரை ஒன்றரை மீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஆனால் விழி தாழும்போது பார்வை செல்வதோ வில்லையின் கீழ்ப்பகுதி வழியே. அது ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் தொலைவுக்கெனத் தீட்டப்பட்டது. படியின் விளிம்பு மங்கும். ஆழம் பிழையாகத் தோன்றும். ஆஸ்திரேலியாவில் 63 முதல் 90 வயதுக்கு உட்பட்ட 156 பேரைப் பின்தொடர்ந்து 2002இல் வெளியான ஆய்வில், பைஃபோகல், புரோகிரசிவ் போன்றவற்றை அணிந்தோர் விழும் வாய்ப்பு ஏனையோரைவிட இருமடங்குக்கும் மேலாக இருந்தது.

படியில் இறங்கும்போது மோவாயை மார்பை நோக்கித் தாழ்த்தி, வில்லையின் மேற்பகுதி வழியே படியைக் காணுமாறு நாம் அனைவருக்கும் கற்பிக்கிறோம். சமவெளியில் இவ்வறிவுரை போதும். மலையில் போதாது. தலையில் வாழைத்தாரோ விறகோ சுமந்து சரிவில் இறங்குபவர் தலையைக் குனிய முடியாது, சுமை சரியும். அவர் விழியை மட்டுமே தாழ்த்துவார். தாழ்த்தினால் படிப்புப் பகுதி குறுக்கிடும். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறிப்பவரின் நிலையும் இதுவே. ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை வாரந்தோறும் மிதிப்பவரையும் இவர்களோடு சேர்க்கலாம்.

இத்தகையோருக்குத் தூரப் பவர் மட்டும் கொண்ட தனிக் கண்ணாடி ஒன்றையும் சேர்த்துப் பரிந்துரைக்கிறோம். இதற்கும் சான்று உண்டு. ஆஸ்திரேலியாவில் 606 முதியோரிடம் நடந்து 2010இல் வெளியான மற்றோர் ஆய்வில், வெளியே நடக்கும்போது அணியத் தனித் தூரக்கண்ணாடி வழங்கினர். வெளியில் மிகுதியாக நடமாடுவோரிடையே விழுதல் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. வீட்டோடு இருந்து எப்போதேனும் வெளியே வருவோருக்கோ வெளியில் விழுவது கூடியது. பழகாத கண்ணாடியை அரிதாக மாட்டியதே அதற்குக் காரணமாகலாம். ஆகவே திண்ணையிலும் சமையற்கட்டிலும் நாளைக் கழிக்கும் மூதாட்டிக்கு இரண்டாவது கண்ணாடி வேண்டா. ஒன்றையே முழுதும் அணியட்டும். தோட்டத்துக்கும் சந்தைக்கும் நாள்தோறும் நடப்பவர் இரண்டு வைத்திருக்கட்டும். பழகும் இரண்டு வாரம் முடிந்த பின்னர் இவ்விரண்டையும் மாற்றி அணிவதில் மூளைக்குச் சிக்கல் பெரிதாக எழுவதில்லை.

சிலருக்குப் புரோகிரசிவே ஏற்றதன்று. கழுத்து எலும்புத் தேய்வினால் தலையை ஏற்றி இறக்க இயலாதவர், அடிக்கடி தலைச்சுற்றல் உடையவர், இரு கண்களின் பவரும் பெரிதும் வேறுபடுபவர் ஆகியோர் மருத்துவரிடம் இதனை முதலிலேயே கூறுதல் வேண்டும். சர்க்கரை நோய் கட்டுக்குள் வராத நிலையில் எடுக்கும் பவர் நிலைக்காது. சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் மாறும். முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொணர்ந்து, சில வாரம் கழித்து அளவெடுப்பதே பணத்தையும் காக்கும்.

சீட்டில் ‘ஆட்’ என்று குறிக்கப்படும் எண், படிப்புக்காகக் கூட்டப்படும் பவர். நாற்பதுகளின் தொடக்கத்தில் அது 1.00 அளவில் இருக்கும். அறுபதை ஒட்டி 2.50 ஆகும். எண் சிறிதாயிருக்கையில் பக்கத்துத் திரிபும் சிறிது. எனவே தொடக்கத்திலேயே பழகியவருக்குப் பின்னர் எளிது. சட்டம் மிகக் குறுகியதாயிருத்தல் ஆகாது. படிப்புப் பகுதி வெட்டுண்டு போகும். வியர்வையில் மூக்கை விட்டு வழுகும் சட்டமும் ஆகாது. இரண்டு மில்லிமீட்டர் இறங்கினாலும் பார்வை தவறான இடத்தில் விழும்.

இரண்டு வாரம் இடைவிடாது அணிந்தும் தலைவலியோ, நேராகப் பார்க்கையிலேயே மங்கலோ நீடித்தால் அது பழக்கக் குறைவன்று. கண்மணியின் நடுப்புள்ளிக்கு நேராக வில்லை பொருத்தப்படவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். வில்லையில் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும் நுண்குறிகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கொண்டு சில நிமிடங்களில் சரிபார்க்கலாம். வரும்போது புதிய கண்ணாடி, பழைய கண்ணாடி, சீட்டு ஆகிய மூன்றையும் கொண்டு வாருங்கள். தாங்கள் செய்யும் வேலையையும் சொல்லுங்கள். ஏணி ஏறுபவரா, சுமை தூக்குபவரா என்பது சீட்டில் எழுதியிராது.