விளையாட்டுச் சிகிச்சை: தொடங்குவோர் அறியவேண்டியவை

முல்லைத்தீவுக் கரையை ஆழிப்பேரலை அழித்த 2004ஆம் ஆண்டின் மார்கழியிலும், யுத்தம் முடிவுற்ற 2009ஆம் ஆண்டின் வைகாசியிலும் சிறுவராயிருந்தவர்கள், இன்று தண்ணீரூற்றிலும் முள்ளியவளையிலும் அயற்கிராமங்களிலும் தாய் தந்தையராய் வாழ்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் அவ்விரு அனர்த்தங்களையும் கண்ணாற் கண்டவர்களல்லர் எனினும், நள்ளிரவில் திடுக்கிட்டு எழும் தகப்பனையும், காரணம் தோன்றாமற் சினந்து பின்பு தனித்திருந்து அழும் தாயையும் கண்டே வளர்கின்றனர். யுத்தம் தனிமனிதரை மாத்திரமன்றிக் குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே காயப்படுத்தியது என்று உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார். ஆகையால், விளையாட்டுச் சிகிச்சையைப் பற்றி இப்பகுதியார்க்கு எழுதப் புகுமிடத்து, பிள்ளையை ஒருபுறமும் பெரியவரை மறுபுறமும் நிறுத்தி எழுதுதல் பொருந்தாது.

துயரத்தைச் சொல்லும் வார்த்தைகள் நாவுக்கு வருமுன்பே, அதனை நடித்துக் காட்டும் ஆற்றல் பிள்ளைக்கு வந்துவிடுகிறது. இவ்வுண்மையை ஆதாரமாகக் கொண்டே 1920களின் இறுதியில் லண்டனில் மார்கரெட் லோவன்பெல்ட் என்னும் மருத்துவப் பெண்மணி மணற்றட்டையும் சிறு பொம்மைகளையும் பிள்ளைகளின் கையிற் கொடுத்தார். அமெரிக்காவில் வெர்ஜினியா அக்ஸ்லைன் 1947இல் வெளியிட்ட நூலில், பிள்ளையை உள்ளவாறே ஏற்றுக்கொள்ளுதல், அவசரப்படுத்தாதிருத்தல் முதலான எட்டு நெறிகளை வகுத்தார். நம் நாட்டிலோ, 1996இல் மட்டக்களப்பில் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் உளவளத்துணையில் தேர்ந்த யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் முன்னின்று உருவாக்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒருங்கே கூடிக் களிமண் பிசைந்தும் கதை புனைந்தும் நாடகமாடியும் மனம் தேறினர். அது கட்டுப்பாடான சிகிச்சை முறையினும் பரந்ததொரு முயற்சியாயினும், விளையாட்டினால் மனம் ஆறும் என்பதற்கு நம் கண்முன் நின்ற சாட்சியாகும்.

1. யாரிடம் முதலிற் செல்வது

பிள்ளை பாடசாலைக்குப் போக மறுத்தல், பழையபடி படுக்கையில் நனைத்தல், எவருடனும் கதையாதிருத்தல், மிருகங்களையோ தம்பி தங்கையரையோ துன்புறுத்தல் ஆகியவை வாரக்கணக்கில் நீடிப்பின், மாஞ்சோலையிலுள்ள மாவட்ட வைத்தியசாலையிற் காண்பித்தல் முதற்படியாகும்; அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. காதுக் குறைபாடும் வலிப்பும் சிலபோது மனக்கோளாறுபோலத் தோற்றுமாதலின், உடற்பரிசோதனையை முன்னதாகவே முடித்துக்கொள்ளுதல் நன்று. கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரையும், பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டற் பொறுப்பிலுள்ள ஆசிரியரையும் அணுகி வழி கேட்கலாம். எங்கே செல்வதென்று தெரியாதவர்கள் 1926 என்னும் தேசிய உளநல இலக்கத்துக்கும், பிள்ளைக்குத் தீங்கு நிகழ்வதாகச் சந்தேகமிருப்பின் 1929 என்னும் சிறுவர் உதவி இலக்கத்துக்கும் தொலைபேசியில் அழைக்கலாம்.

சிகிச்சை செய்பவர் எவராயினும் அவரிடம் மூன்று விஷயங்களைத் தயங்காமற் கேட்டறிக: பிள்ளைகளுடன் இவ்வாறு பணிசெய்ய எங்கே பயின்றார், அவருடைய பணியை மேற்பார்வை செய்பவர் யார், பெற்றோர்க்கு எக்காலத்தில் எவற்றைத் தெரிவிப்பார். அனுபவமுள்ளவர் இக்கேள்விகளை விரும்பியே ஏற்பார்.

2. பெற்றோரின் முதற்சந்திப்பு

முதல் நாளில் பெரும்பாலும் பெரியவர்களையே தனியாக அழைத்துக் கதைப்பார்கள். பிரசவம், நடை பழகிய காலம், இடப்பெயர்வு, குடும்பத்தில் நேர்ந்த மரணம், தகப்பன் வெளிநாடு சென்றமை, வீட்டிலுள்ள குடிப்பழக்கம் ஆகிய யாவும் விசாரிக்கப்படும். மானத்துக்கு அஞ்சி ஒன்றை மறைத்தால், அந்த ஒன்றே பிள்ளையின் நோவுக்கு மூலமாயிருத்தல் கூடும். பிள்ளையின் முன்னிலையில் அதன் குற்றங்களை அடுக்கிச் சொல்லுதலை மாத்திரம் முற்றாகத் தவிர்க்கவேண்டும்.

3. பிள்ளைக்குச் சொல்லவேண்டியது

ஊசி போடுவார்கள் என்று அச்சுறுத்தியோ, கடைக்குப் போகிறோம் என்று பொய் சொல்லியோ அழைத்துச் செல்லலாகாது. முதல் நாளிலேயே நம்பிக்கை குலைந்துவிடும். முந்தின நாள் மாலையில், "அங்கே ஒரு அக்கா இருக்கிறா, அவவோட விளையாடலாம். கதைக்க விருப்பமெண்டாக் கதைக்கலாம், கதைக்காட்டிலும் பரவாயில்லை. நான் வெளியில வாங்கில இருப்பன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுதல் போதுமானது. சொன்னபடி வாங்கிலேயே இருத்தல் அதனினும் முக்கியம். மண்ணும் சாயமும் படக்கூடிய பழைய உடுப்பை அணிவித்துச் செல்க.

4. அறையும் அதன் ஒழுங்கும்

பெரும்பாலும் கிழமைக்கு ஒருமுறை, அதே நாளில், அதே நேரத்தில், முக்கால் மணியளவு அமர்வு நடைபெறும். அறையிலே குடும்பத்தினரைக் குறிக்கும் பாவைகள், விலங்குகள், மருத்துவர் பெட்டி, சட்டி பானை, களிமண், வர்ணம், முகமூடி முதலியன இருக்கும்; விலையுயர்ந்த பொருள்கள் அவசியமில்லை, சிரட்டையும் பனையோலையும் புளியங்கொட்டையும் தாராளமாகப் பயன்படும். மணற்றட்டு ஏறக்குறைய 30 அங்குல நீளமும் 20 அங்குல அகலமும் 3 அங்குல ஆழமும் உடையதாய், உட்புறம் நீலநிறம் பூசப்பட்டிருக்கும். பிள்ளை மணலை விரலால் ஒதுக்கும்போது கீழே நீர் தோன்றும். நம் பிள்ளைக்கு அந்நீலம் பெருங்கடலாகலாம், நந்திக்கடலாகலாம், ஊற்றங்கரை நீராகவும் ஆகலாம். எதுவென்று நிச்சயிக்கும் அதிகாரம் பிள்ளைக்கே உரியது.

எதை எடுத்து எவ்வாறு விளையாடுவது என்பதிற் பிள்ளைக்குப் பூரண சுதந்திரம் உண்டெனினும், தன்னையும் பிறரையும் நோகச்செய்யலாகாது என்னும் எல்லை உண்டு. பிள்ளை கட்டையை ஓங்கிக்கொண்டு வந்தால், அனுபவமுள்ளவர் அதட்டமாட்டார், "என்னில உனக்குச் சரியான கோவம், ஆனா நான் அடிக்கிறதுக்கில்லை, அந்தத் தலையணைக்கு அடிக்கலாம்" என்று, உணர்ச்சியை ஒப்புக்கொண்டு, எல்லையைச் சொல்லி, மாற்றுவழியையும் காட்டுவார். நேரம் முடிவதற்கு 5 நிமிடத்துக்கு முன்னர் அறிவித்தலும் வழக்கம்.

5. இடைக்காலத்தில் நிகழ்பவை

முதற் சில வாரங்களிற் பிள்ளை சும்மா நின்று பார்த்திருக்கலாம். பின்பு, தேறிவருகிறது என்று நாம் மகிழும் தறுவாயில், வீட்டிற் கோபமும் அழுகையும் சிலகாலம் அதிகரித்தலும் உண்டு. அடங்கியிருந்தது வெளிவருவதன் அடையாளமாக அது பலவேளை இருக்குமாதலால், உடனே நிறுத்திவிடாமற் சிகிச்சையாளருக்குத் தெரிவிக்கவேண்டும். ஒரே விளையாட்டையே பிள்ளை திரும்பத் திரும்ப ஆடுதலும் இயல்பு. ஆயினும், 1976இல் கலிபோர்னியாவின் சௌசில்லாவிற் பாடசாலை பஸ்ஸிலிருந்து கடத்தப்பட்ட 26 பிள்ளைகளிற் பெரும்பாலோரை ஆராய்ந்த உளமருத்துவர் லெனோர் டெர், மனவடுவுற்ற பிள்ளை எள்ளளவும் மகிழ்ச்சியின்றி, முடிவும் மாறாமல், ஒரே கொடுமையை மீளமீள ஆடுவதையும், அவ்வாட்டத்தால் அச்சம் தணியாமையையும் கண்டு கூறினார். அத்தகைய நிலையிற் சிகிச்சையாளர் ஒதுங்கியிராது, உதவிக்கு ஒருவர் வருவதையோ ஒளிந்திருக்க ஓர் இடம் கிடைப்பதையோ ஆட்டத்தினுள் மெல்ல நுழைப்பார்.

6. வீட்டாரின் கடமை

அறையிலிருந்து வெளியே வரும் பிள்ளையிடம், "என்ன செய்தனீ? அக்கா என்ன கேட்டவ?" என்று விசாரியாதிருத்தலே பெற்றோர் ஆற்றக்கூடிய பெரும் உபகாரம். அங்கே நிகழ்வது பிள்ளையின் அந்தரங்கம். கீறிய படத்தை அது தானாகக் காட்டினால், அழகென்றோ பிழையென்றோ தீர்ப்புச் சொல்லாது, "நிறையக் கறுப்புப் பூசியிருக்கிறாய்" என்று கண்டதைக் கூறி நிறுத்திவிடுக. பிள்ளையின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்துண்டெனத் தெரியவந்தால், அதனைச் சிகிச்சையாளர் மறைக்கமாட்டார் என்பதையும் பெற்றோர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

1960களில் பேர்னாட், லூயிஸ் கேர்னி தம்பதியர், பெற்றோரையே பயிற்றி வீட்டில் வாரத்துக்கு அரைமணி நேரம் பிள்ளையுடன் விளையாடச்செய்யும் முறையை வகுத்தனர். சிகிச்சையாளரின் ஆலோசனையோடு இதனை நாமும் அனுட்டிக்கலாம்: கைத்தொலைபேசியை அப்பால் வைத்துவிட்டு, பிள்ளை சொல்லும் விளையாட்டைப் பிள்ளை சொன்னவாறே விளையாடுக, படிப்பும் புத்திமதியும் அவ்வரைமணிக்குள் நுழைதலாகாது.

7. பெரியவர்க்கு

வளர்ந்தவர்க்கு விளையாட்டா என்னும் நாணம் எவர்க்கும் முதலில் உண்டாகும். அது இரண்டொரு அமர்வுகளிற் பெரும்பாலும் நீங்கும். அவர்களுக்கு மணற்றட்டு, களிமண், வர்ணம், வேடம் ஆகியவற்றைக் கொடுத்து, விரும்பினால் மாத்திரம் பின்பு அதுபற்றிக் கதைக்கச்செய்வர். கோவலன் கூத்தைக் கண்டும் ஆடியும் வளர்ந்த முள்ளியவளைப் பகுதியார்க்கு, வேறொருவரின் வேடத்தைப் புனைந்து நின்று தம் நெஞ்சின் துயரை வெளியிடுதல் அந்நியமான காரியமன்று. காணாமற்போனவரை எதிர்பார்த்திருக்கும் தாய், எவரிடமும் வாய்திறந்து சொல்லாததை, மணலில் ஒரு வீட்டையும் திறந்த படலையையும் வைத்துக் காட்டக்கூடும். ஆனால், தற்கொலை எண்ணம் உள்ளவர்களும், பிறர்க்குக் கேளாத குரல் தமக்குக் கேட்பதாகக் கூறுவோரும், மதுவுக்கு அடிமைப்பட்டோரும் முதலில் உளமருத்துவரைக் காணவேண்டும். மருந்து உட்கொள்வோர் விளையாட்டுச் சிகிச்சையின்பொருட்டு அதனை நிறுத்தலாகாது.

8. முன்னேற்றமும் முடிவும்

சராசரியாக 20 அமர்வுகள் வேண்டியிருக்கும் என்று அமெரிக்க விளையாட்டுச் சிகிச்சைச் சங்கத்தார் கூறுவர். சிலர்க்கு அதிற் குறைவும், பெரும் இழப்புற்றோர்க்கு அதிற் கூடுதலும் ஆகும். நித்திரை சீராதல், உணவிற் பிரியம், சிநேகிதருடன் சேர்ந்து கிளித்தட்டுக்கு ஓடுதல் ஆகியனவே உண்மையான அடையாளங்கள். பரீட்சைப் புள்ளியைக் கொண்டு இதனை அளக்கவேண்டாம். முடிவுநாளை இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே பிள்ளைக்கு அறிவித்து, முறையாக விடைபெறச் செய்யவேண்டும். சொல்லாமற் பிரிந்துபோனவர்களை அறிந்த குடும்பங்களில், சொல்லிப் பிரிதல் தானும் ஒரு மருந்து. சில மாதங்களாகியும் எவ்வித மாற்றமும் தோன்றாவிடின், அதை வெளிப்படையாகக் கூறி வேறொருவரின் அபிப்பிராயத்தை நாடுதல் குற்றமன்று.

பெற்றோரே, பிள்ளையை அந்த அறைக்கு அனுப்பிவிட்டு வெளியே வாங்கிலிருந்து காத்திருக்கும் வேளையில், உங்கள் சிறுபிராயத்துக்கு நேர்ந்ததையும் எண்ணிப் பாருங்கள். உங்களுக்கும் உதவி வேண்டுமென்று தோன்றினால், அதே சிகிச்சையாளரிடம் அன்றைக்கே வாய்விட்டுக் கேளுங்கள். உங்கள் பிள்ளை தேறுவதற்கு நீங்களும் தேறுதல் அவசியம்.